முட்டு இருப்பவர்களின் நெஞ்சு ஏன் படபடக்கிறது?



வயதான உம்மாவோ மாமியோ இரவில் எழும்பி உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "உள்ளுக்குள்ள படபடண்டு அடிக்குது மகள்" என்று சொன்னால் நாம் என்ன சொல்கிறோம்? "முட்டுத்தான் உம்மா, பம்பை ரெண்டு தரம் இழுத்துப்போட்டுச் சாஞ்சிருங்க." பல வருடங்களாக முட்டும் இருமலுமாக வாழும் ஒருவருக்கு எந்த வருத்தம் வந்தாலும் அதை முட்டின் தலையிலேயே போட்டுவிடுவது நமது வீடுகளில் வழக்கமாகிவிட்டது. சில வேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் சில வேளை அந்தப் படபடப்பு, இதயத்தின் தாளம் தப்பிவிட்டது என்பதற்கான அடையாளம். அதை முட்டு என்று எண்ணி மேலும் மேலும் பம்பை அடித்தால் படபடப்புக் கூடத்தான் செய்யும். கவனியாமல் விட்டால் சிலருக்கு அது பாரிசவாதத்தில் கொண்டுபோய் விடும்.

இன்னொரு வகையான வீடும் உண்டு. படபடப்பு என்றதும் பயந்துபோய், பக்கத்து வீட்டு ராத்தா "நெஞ்சுக்கு நல்லது" என்று தந்த குளிசையை முட்டு உள்ளவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அது மூச்சையே அடைத்துவிடக்கூடும். இந்த இரண்டு பிழைகளும் நம் வீட்டில் நேராதிருக்க வேண்டுமானால், சுவாசப்பைக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். இம்முறை அதைப் பார்ப்போம்.

எல்லா முட்டும் ஒன்றல்ல

முட்டு, இளைப்பு, தொய்வு என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே நோயல்ல. ஆஸ்துமா அநேகமாக இளவயதிலேயே தொடங்கும். வந்து வந்து போகும். இடைப்பட்ட நாட்களில் மூச்சு வழமைபோல் இருக்கும். நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் என்பது வேறு. அது பெரும்பாலும் 40 வயதுக்குப் பிறகு மெல்ல மெல்லத் தலைகாட்டும். முதலில் காலையில் சளியோடு இருமல். பிறகு படி ஏறினால் இளைப்பு. கடைசியில் வுழூச் செய்வதற்குக் குனிந்தாலே மூச்சு வாங்கும். சுவாசக் குழாய்கள் வீங்கிச் சுருங்கிப்போவதும், காற்றுப் பைகளின் மெல்லிய சுவர்கள் உடைந்துபோவதும் இதற்குக் காரணம். உடைந்த சுவர்கள் மீண்டும் வளர்வதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் இந்நோயால் 35 இலட்சம் பேர் மரணித்தார்கள். சிகரட்டும் பீடியும் சுருட்டும்தான் இதற்கு முதற் காரணம். ஆனால் ஒரு நாளும் சிகரட்டைத் தொட்டும் பார்க்காத நமது உம்மாமார்களுக்கு இது ஏன் வருகிறது? விறகடுப்பின் புகைதான். 2012ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டின்போது இந்நாட்டில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான வீடுகளில் விறகுதான் பிரதான எரிபொருளாக இருந்தது. 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது, அடுப்பை மாற்றியிருந்த குடும்பங்களும் மறுபடி விறகுக்குத் திரும்பின. புகைக்கூண்டில்லாத குசினியில் 30, 40 வருடம் நின்று சமைத்த ஒரு பெண்ணின் சுவாசப்பை, சிகரட் குடித்தவரின் சுவாசப்பையைப் போலவே பழுதாகிவிட முடியும்.

இதயமும் சுவாசப்பையும்

இதயத்தின் வலப்பக்கம், உடலெங்கும் சுற்றி வந்த இரத்தத்தைச் சுவாசப்பைக்கு அனுப்புகிறது. அங்கே ஒட்சிசனைப் பெற்றுக்கொண்ட இரத்தம் இதயத்தின் இடப்பக்கத்துக்கு வருகிறது. அங்கிருந்து மீண்டும் உடலுக்குப் போகிறது. இன்று பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் இந்த விடயத்தை முதன்முதலில் தெளிவாக எழுதிவைத்தவர், திமிஷ்கில் கற்று கெய்ரோவில் வாழ்ந்து 1288இல் வபாத்தான இப்னு நபீஸ் என்ற மருத்துவ மேதை. இதயத்தின் நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வழியாக இரத்தம் கசிகிறது என்று கிரேக்க மருத்துவர் கலென் சொன்னதை உலகம் ஆயிரம் வருடமாக நம்பி வந்தது. அப்படித் துவாரம் எதுவும் இல்லை, இரத்தம் சுவாசப்பை வழியாகத்தான் போகவேண்டும் என்று இப்னு நபீஸ் மறுத்தார். அவருடைய கையெழுத்துப் பிரதியை 1924இல் பெர்லின் நூலகத்தில் ஓர் எகிப்திய மருத்துவர் கண்டெடுத்த பிறகுதான் அவரது பெருமையை மேற்குலகம் அறிந்தது.

இந்தப் பாதையை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை இலகுவாக விளங்கும். சுவாசப்பை பழுதடையும்போது அதிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. சுருங்கிய குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலப்பக்கம் அளவுக்கு மீறிப் பாடுபடுகிறது. காலப்போக்கில் அந்தப் பக்கம் வீங்கி விரிகிறது. கால் வீங்குவதும், கழுத்து நரம்பு புடைப்பதும் அதனால்தான்.

இதயம் அடிப்பதற்கான மின் கட்டளை பிறப்பதும் அதே வலப்பக்கத்து மேலறையில்தான். அங்கே உள்ள ஒரு சிறு முடிச்சு, ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயத்தை நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை ஒழுங்காக அடிக்கவைக்கிறது. ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் அடிகள். சுப்ஹானல்லாஹ்! நாம் தூங்கும்போதும் ஓயாத இந்த ஏற்பாட்டை என்னவென்பது! அறை விரிந்து இழுபடும்போது, இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து கரியமிலவாயு கூடும்போது, பொட்டாசியமும் மக்னீசியமும் குறையும்போது, அந்த முடிச்சைத் தவிர வேறு இடங்களும் தாமாகவே கட்டளையிடத் தொடங்குகின்றன. ஒரு வீட்டில் பலர் ஒரே நேரத்தில் அதிகாரம் செய்தால் என்னவாகும்? அதுதான் இதயத்திலும் நடக்கிறது.

தாளம் தப்பும் மூன்று விதம்

முதலாவது, இடையிடையே ஓர் அடி முந்தி விழுவது. "நெஞ்சு ஒருக்கா நின்று பிறகு திடுக்கென்று அடிக்குது" என்று சொல்வார்கள். நல்ல சுகதேகிகளுக்கும் இது வருவதுண்டு. எப்போதாவது வந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் டொக்டரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

இரண்டாவது, மேலறையில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இடங்கள் மாறி மாறிக் கட்டளையிட, இதயம் நிமிடத்துக்கு 100க்கு மேல் ஒழுங்கின்றி அடிப்பது. அமெரிக்க மருத்துவர்கள் 1968இல் இதைத் தனியாக விவரித்து எழுதினார்கள். நாட்பட்ட சுவாச நோயாளர்களிடமே இது அதிகம் காணப்படுகிறது. அதிலும் சளிக்காய்ச்சலோ நியூமோனியாவோ வந்து மூச்சு மோசமாகும் வேளையில்தான். இதற்குச் சிகிச்சை இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதல்ல; அது இதில் பலன் தருவதில்லை. மூச்சைச் சீராக்கி, ஒட்சிசனைச் சரியாக்கி, பொட்டாசியம், மக்னீசியக் குறைவை நிரப்பினால் தாளம் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். "முட்டைப் பார்த்தால் நெஞ்சும் சரியாகும்" என்ற பேச்சு இந்த வகைக்குப் பொருந்தும்.

மூன்றாவதுக்கு அது பொருந்தாது. அதை டொக்டர்கள் "ஏ.எப்." என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மேலறை முறையாகச் சுருங்கி விரியாமல் நிமிடத்துக்கு 350 தடவைக்கும் மேலாக வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். நாடி பிடித்துப் பார்த்தால் எந்த ஒழுங்கும் தெரியாது. ஓரடி வேகமாக, ஓரடி தாமதமாக, ஓரடி பலமாக, ஓரடி பலவீனமாக இருக்கும். நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கும். தேங்கும் இரத்தம் கட்டியாகும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பாரிசவாதம். ஏ.எப். உள்ளவருக்குப் பாரிசவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை ஒழுங்காக எடுத்தால் அந்த ஆபத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அதனால்தான் ஏ.எப். இருப்பதைக் காலத்தோடு கண்டுபிடிப்பது மிக முக்கியம். முட்டு என்ற போர்வைக்குள் அது ஒளிந்திருந்தால், ஒரு நாள் காலையில் உம்மாவின் வாய் கோணிய பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

மருந்தும் சில வேளை காரணமாகும்

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம். மருந்தை எப்படிப் பாவிப்பது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முட்டுக்கு நம் நாட்டில் பல காலமாகக் கொடுக்கப்படும் குளிசைகளில் ஒன்று தியோபிலின். 1888இல் அல்பிரெக்ட் கொசெல் என்ற ஜேர்மன் விஞ்ஞானி இதைத் தேயிலையிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார். தேநீரில் இருப்பது மிகச் சொற்பம். பிளேன்டீ குடிப்பதால் முட்டு மாறாது. இந்த மருந்தின் குணம் என்னவென்றால், பலன் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடையில் உள்ள தூரம் மிகக் குறைவு. அளவு கூடினால் குமட்டல், வாந்தி, தலையிடி, தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் வரும். இன்னும் கூடினால் வலிப்பும் ஆபத்தான இதயத் தாளக் கோளாறும் வரும்.

இதில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட குளிசையை உடைக்கவோ இடிக்கவோ கூடாது. விழுங்க முடியவில்லை என்று அம்மியில் பொடித்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தால், பன்னிரண்டு மணித்தியாலத்தில் இறங்க வேண்டிய மருந்து ஒரே தடவையில் இறங்கிவிடும். இரண்டு, சிப்ரொப்லொக்சசின், எரித்ரோமைசின் போன்ற கிருமிநாசினி மருந்துகள் தியோபிலின் உடலிலிருந்து வெளியேறுவதைத் தடுத்து அதன் அளவைக் கூட்டும். வயிற்று எரிவுக்கு எடுக்கும் சிமெற்றிடினும் அப்படித்தான். ஒரு டொக்டர் தந்ததை மற்ற டொக்டருக்குச் சொல்லாமல் விட்டால் இந்த ஆபத்து நேரும். மூன்று, சிகரட் குடிப்பவரின் உடல் தியோபிலினை வேகமாகக் கரைத்துவிடும். அவர் சிகரட்டை விட்டால், அதுவரை சரியாக இருந்த அளவு சில நாட்களிலேயே கூடிய அளவாகிவிடும். வாப்பா சிகரட்டை விட்டாரா? அல்ஹம்துலில்லாஹ்! அந்தச் செய்தியை டொக்டருக்கும் சொல்லுங்கள். மருந்தைக் குறைக்கவேண்டி வரலாம்.

அடுத்தது சல்பியூட்டமோல். 1969முதல் பாவனையில் இருக்கும் நல்ல மருந்து; திடீரென மூச்சு அடைக்கும்போது உயிர் காப்பது. ஆனால் கை நடுக்கமும் படபடப்பும் இதன் பக்க விளைவுகள். இரத்தத்தில் பொட்டாசியத்தையும் இது குறைக்கும். நம்மில் பலருக்குப் பம்ப் என்றால் பயம். "பம்ப் பழக்கமாகிவிடும், குளிசைதான் பாதுகாப்பு" என்று நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: பம்பின் ஓர் அடியில் 100 மைக்ரோகிராம். 4 மில்லிகிராம் குளிசை ஒன்றில் இருப்பதோ 4000 மைக்ரோகிராம், அதாவது 40 அடிக்குரிய மருந்து. பம்பில் இழுத்தது நேரே சுவாசக் குழாய்க்குப் போகிறது. விழுங்கியது இரத்தம் வழியாக உடல் முழுக்கச் சுற்றி இதயத்தையும் தட்டி எழுப்புகிறது. எனவே படபடப்பு உள்ளவருக்குக் குளிசையைவிடப் பம்பே நல்லது. மூச்சையும் பம்பையும் ஒன்றாகச் சேர்க்கத் தெரியாத வயதானவர்களுக்கு ஸ்பேசர் என்ற குடுவையை வைத்து இழுக்கச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் எழுதிக் கொடுத்ததைவிட அதிக தடவை பம்ப் தேவைப்பட்டால், அது நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்பதன் அடையாளம்; மேலும் அடிப்பது அதற்கு மருந்தாகாது.

கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் நீர்க் குளிசையும், முட்டு கூடும்போது கொடுக்கும் பிரெட்னிசலோனும்கூட பொட்டாசியத்தைக் குறைக்கும். இவற்றோடு சல்பியூட்டமோலும் சேரும்போது குறைவு அதிகமாகும். "அப்படியானால் செவ்விளநீரும் வாழைப்பழமும் நிறையக் கொடுக்கலாமே?" என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், ஆனால் எல்லோருக்கும் அல்ல. சிறுநீரகப் பழுது உள்ளவர்களுக்கும், எனலாபிரில், லொசார்ட்டன், ஸ்பைரனோலக்டோன் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் கூடிவிடக்கூடும். கூடினாலும் இதயத்துக்கு ஆபத்துத்தான். ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சளிக்குக் கொடுக்கும் அசித்ரோமைசின் என்ற மருந்து, ஏற்கனவே இதயக் கோளாறு உள்ள சிலருக்கு ஆபத்தான தாளக் குழப்பத்தை ஏற்படுத்தலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013இல் எச்சரித்தது. ஆகவே போன வருடத்துச் சீட்டைக் காட்டிப் பார்மசியில் நாமாகக் கிருமிநாசினி வாங்கிக் கொடுப்பதை விட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக் குளிசை

படபடப்புக்கும், கை நடுக்கத்துக்கும், ஒற்றைத் தலையிடிக்கும் கொடுக்கும் புரொப்பிரனலோல் என்ற குளிசை பல வீடுகளில் இருக்கிறது. அது இதயத்தை அமைதியாக்கும்; அதே நேரத்தில் சுவாசக் குழாய்களைச் சுருக்கும். முட்டு உள்ளவருக்கு, குறிப்பாக ஆஸ்துமா உள்ளவருக்கு, ஒரே ஒரு குளிசைகூடக் கடும் மூச்சடைப்பைக் கொண்டுவரலாம். கண்ணில் விடும் மருந்து என்றால் ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலோல் துளியும் அதே இனத்தைச் சேர்ந்தது. கண்ணிலிருந்து இரத்தத்தில் கலந்து முட்டைக் கிளப்பிவிடும். கண் டொக்டரிடம் போகும்போது "இவருக்கு முட்டு இருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இதே குடும்பத்தில் பிசொப்ரோலோல், மெட்டோப்ரோலோல் என்று இதயத்தையே அதிகம் நாடும் மருந்துகளும் உண்டு. நாட்பட்ட சுவாச அடைப்பு நோயாளர்களுக்கு இவற்றைத் தேவையறிந்து, குறைந்த அளவில் தொடங்கிக் கொடுக்கிறார்கள். டொக்டர் தந்த அத்தகைய குளிசையை "முட்டுக்காரருக்கு ஆகாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஒருவருக்கு எழுதிய குளிசை அவருக்கு மட்டுமே.

நாடி பார்க்கப் பழகுங்கள்

இதற்குப் படிப்புத் தேவையில்லை. செக்கன் முள் உள்ள ஒரு மணிக்கூடு போதும். நோயாளியை ஐந்து நிமிடமாவது ஆறுதலாக உட்கார வையுங்கள். பம்ப் இழுத்த உடனேயும், தேநீர் குடித்த உடனேயும் பார்க்க வேண்டாம். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் உங்கள் நடு மூன்று விரல்களை மெதுவாக வையுங்கள். உங்கள் பெருவிரலால் பார்க்கக் கூடாது. அதன் துடிப்பே உங்களைக் குழப்பிவிடும். பதினைந்து செக்கன் எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே சரிவராது. தாளம் தப்பியவருக்கு முழு ஒரு நிமிடமும் எண்ண வேண்டும்.

எண்ணும்போதே ஒழுங்கையும் கவனியுங்கள். அடிகள் சமமாக வருகின்றனவா? எங்காவது ஓரடி தவறுகிறதா? முழுவதும் தாறுமாறாக இருக்கிறதா? திகதி, நேரம், எண்ணிக்கை, "ஒழுங்கு" அல்லது "ஒழுங்கில்லை" என்ற ஒரு சொல். இவ்வளவையும் ஒரு பழைய கொப்பியில் எழுதிவாருங்கள். கிளினிக்கில் இரண்டு நிமிடமே கிடைக்கும் டொக்டருக்கு அந்தக் கொப்பி பெரும் உதவி. ஏனென்றால் இந்தக் கோளாறு வந்து வந்து போகும், ஆஸ்பத்திரியில் ஈ.சீ.ஜீ. எடுக்கும் நேரத்தில் இல்லாமலும் இருக்கும். அப்படியானால் ஒரு நாள் முழுவதும் உடலில் மாட்டிவைத்துப் பதிவு செய்யும் கருவியைக் கொண்டு பார்ப்பார்கள்.

விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் சிறு கருவி இப்போது பல வீடுகளில் இருக்கிறது. நகத்தில் நிறப்பூச்சோ கருமருதோன்றியோ இருந்தால் அது பிழையாகக் காட்டக்கூடும். கை குளிர்ந்திருந்தாலும், நாடி தாறுமாறாக இருந்தாலும் அப்படித்தான். இன்னொன்று: நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் முற்றியவர்களுக்கு ஒட்சிசன் கொடுக்கும்போது டொக்டர்கள் வைக்கும் இலக்கு பெரும்பாலும் 88 முதல் 92 வீதம்தான். 100 ஆகட்டும் என்று வீட்டிலுள்ள ஒட்சிசனை நாமாகக் கூட்டினால் இரத்தத்தில் கரியமிலவாயு ஏறி மயக்கம் வரலாம். எழுதிக் கொடுத்த அளவை மாற்றாதீர்கள்.

தாமதிக்கக் கூடாத நேரங்கள்

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: ஓய்வாக இருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120க்கு மேல் நிற்பது, நெஞ்சு நோ, மயங்கி விழுவது, உதடும் நகமும் நீலம் பாரிப்பது, ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குவது, வழக்கமில்லாத தூக்க மயக்கம், தடுமாற்றப் பேச்சு, வாய் கோணுவது, ஒரு கை அல்லது கால் பலமிழப்பது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வீட்டுக்கே வரும். "மகன் வேலையால் வரட்டும், மச்சானிடம் கேட்டுப் பார்ப்போம்" என்று போகும் நேரம் திரும்பி வராது.

இங்கே ஒரு விடயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஈ.சீ.ஜீ. எடுக்க நெஞ்சில் வயர் ஒட்ட வேண்டும் என்பதால் வெட்கப்பட்டு, நமது வயதான பெண்கள் பலர் அதைத் தள்ளிப் போடுகிறார்கள். பெண் ஊழியரைக் கொண்டு எடுக்கும்படி கேளுங்கள். திரை கட்டச் சொல்லுங்கள். தயங்காமல் கேட்க வேண்டிய விடயம் அது. அப்படி ஒருவர் இல்லாத நேரத்தில், மருத்துவத் தேவைக்காக மார்க்கம் இடம் கொடுத்திருப்பதை உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். வெட்கம் ஈமானைச் சேர்ந்தது. உயிரைக் காப்பதும் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம்தான்.

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். முட்டுக்கு ஒரு டொக்டர், பிரஷருக்கு இன்னொருவர், கண்ணுக்கு வேறொருவர், இடையில் நாட்டு வைத்தியர் என்று போகும் வீட்டில், எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தவர் யாருமே இருப்பதில்லை. பையைத் திறந்து வைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: "நாடி ஏன் ஒழுங்கில்லாமல் இருக்கிறது? இந்த மருந்துகளில் படபடப்பைக் கூட்டுவது எது? இரத்தம் உறையாமலிருக்க மருந்து தேவையா?" ஏ.எப். உள்ளவருக்கு அஸ்பிரின் மட்டும் போதாது. வோபரின் கொடுத்தால் குறித்த தவணையில் இரத்தம் சோதிக்க வேண்டும். கீரையை அடியோடு நிறுத்தத் தேவையில்லை; ஒரு கிழமை நிறைய, மறு கிழமை ஒன்றுமில்லை என்றில்லாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். கருஞ்சீரகமும் தேனும் வீட்டில் பரக்கத்தாக இருக்கட்டும். ஆனால் அவற்றை நம்பி வோபரினை விட்டுவிடாதீர்கள்.

நோன்பு காலத்தில்

வயதானவர்கள் நோன்பை விட மனமில்லாமல் அழுவார்கள். அவர்களுடைய ஈமானை மதிப்போம். ஆனால் ஸஹர் முதல் மஃரிப் வரை தண்ணீரில்லாமல் இருக்கும்போது, நீர்க் குளிசை எடுப்பவரின் உடலில் நீரும் உப்பும் குறைந்து தாளம் தப்பலாம். பகல் வேளை மருந்தை விட்டுவிட்டு இரவில் இரண்டையும் சேர்த்து விழுங்குவது அதைவிட ஆபத்து. ரமழானுக்கு ஒரு மாதம் முன்பே டொக்டரிடம் போய், எந்த மருந்தை எந்த நேரத்துக்கு மாற்றலாம், நோன்பு பிடிக்கவே கூடாதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பம்ப் இழுத்தால் நோன்பு முறியுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் பகுதி ஆலிமிடம் நோயின் நிலையைச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமலே பம்பைத் தள்ளிவைத்துவிட்டு மூச்சுத் திணறிக்கொண்டிருக்க யாரும் சொல்லவில்லை. நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை ஸூரத்துல் பகராவின் 184, 185ஆம் வசனங்களில் தெளிவாக இருக்கிறது. அவன் தந்த சலுகையை ஏற்பதும் அவனுக்கு வழிப்படுவதுதான் என்பதை உம்மாவிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

குசினியில் தொடங்குவோம்

பழுதான சுவாசப்பையை மீட்க முடியாது. ஆனால் மேலும் பழுதாகாமல் காக்கலாம். முட்டு உள்ளவரை அடுப்படியிலிருந்து விலக்குங்கள். காஸ் வாங்க வசதியில்லையென்றால் விறகை நன்றாகக் காயவிட்டு எரியுங்கள். புகைக்கூண்டு கட்டுங்கள், முடியாவிட்டால் அடுப்பை யன்னலோரம் நகர்த்துங்கள். இரண்டு பானை வைக்கும் அனகி மண்ணடுப்பு விறகையும் குறைக்கும், புகையையும் குறைக்கும். வெள்ளி இரவில் வீடு முழுக்கப் போடும் சாம்பிராணிப் புகையும், கட்டிலடியில் கொளுத்தும் நுளம்புச் சுருளும் முட்டுக்காரருக்குப் புகைதான். நுளம்பு வலை போதும். வீட்டுக்குள் சிகரட் குடிக்கும் கணவரிடமும் மகனிடமும், "இந்தப் புகை உம்மாவின் நெஞ்சுக்குள் போகிறது" என்று சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம், ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

நமது குசினிகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. வயதானவர் இருமிக்கொண்டே ஊதுகுழலை ஊதுவார். "உம்மாவுக்கு வேலை செய்யாமல் இருக்க ஏலாது" என்று நாமும் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் ஊதிய ஊதலில் வளர்ந்த பிள்ளைகள் நாம். இன்றைக்கு அந்தக் குழலைக் கையிலிருந்து வாங்கி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து, மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். ஒழுங்காக இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். இல்லையென்றால் கொப்பியில் எழுதி, மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே புறப்படுங்கள்.

அல்லாஹ் நம் பெற்றோருக்குப் பூரண சுகத்தையும், அவர்களைப் பராமரிக்கும் நமக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.